கம்பளியோடு அளந்த இடுப்பு

அக்கரப்பத்தனைப் பக்கம் மொட்டைப்பாறைத் தோட்டத்தில் கிழவன் கிழவிகளுக்கெல்லாம் கொழுப்பு ஏறிவிட்டது என்று கண்டுபிடித்த புண்ணியவான் டாக்டர் கனகராயர். வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. கண் என்று ஒன்று இருக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. கொழும்பில் 'மலைநாட்டு முதியோர் தேகநலச் சபை' என்று ஒரு சபை இருந்தது. அதற்கு அவர்தான் தலைவர். சபைக்கு ஒரு கார், இரண்டு கிளாக்கர்மார், ஓர் அளவு நாடா, ஒரு நாற்காலி. சொத்து அவ்வளவுதான். அவ்வளவையும் வைத்துக்கொண்டு அவர்கள் பண்ணின காரியம்தான் இந்தக் கதை.

பேச்சியம்மாவுக்குச் சபையும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. புருசன் ஆண்டியப்பனை மேல்மலைக் கவ்வாத்திலிருந்து கீழே இறக்க வேண்டும். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் வெட்டி இறக்குகிற வேலை. அந்தச் சரிவில் காலை ஊன்றி நின்று வெட்ட இளந்தாரிக்கே இடுப்பு ஒடியும். ஆண்டியப்பனுக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது. மாலையில் இறங்கி வரும்போது முழங்கால் இரண்டும் நடுங்கும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் உள்ளே வருவார். மூச்சு வேறு இழுக்கும். காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களத்தைக் கூட்டுகிற லேசு வேலை ஒன்று காலியாக இருந்தது. அதை அவருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டால் மனுசன் இன்னும் நாலு வருசம் இருப்பார் என்பது அவள் கணக்கு.

அவளே ஆபீசு வாசலில் போய் நின்றாள். முன்பெல்லாம் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை ஆளை ஏற இறங்கப் பார்த்து, சரி என்றோ போ என்றோ சொல்லிவிடுவார். இப்போது சட்டம் மாறிவிட்டதாம். வயசாளிகளுக்கு லேசு வேலை கொடுப்பதானால் தேகநலச் சபை வந்து பார்த்துத் தளர்ச்சி உண்டு என்று சொல்ல வேண்டுமாம். சொல்லட்டுமே என்று பேச்சியம்மா சந்தோசமாகத் திரும்பி வந்தாள். தளர்ச்சிக்கு அவள் வீட்டில் என்ன பஞ்சம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று சொல்லி இந்தத் தோட்டத்து ஆட்களெல்லாம் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஆகிவிட்டது. ஓட்டு இல்லை, ஊர் இல்லை. ஆண்டியப்பன் இந்த நாட்டுக்கு யாருமே இல்லை. அவர் இடுப்பு மட்டும் நாட்டுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

சபை வந்த அன்று நல்ல மழை. தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் வயசாளிகள் வரிசையாக நின்றார்கள். மழையில் மலைக்குப் போகிற கோலம்தான்: தலையிலிருந்து முதுகு மூடக் கம்பளி, இடுப்பைச் சுற்றி முரட்டுச் சாக்குப் படங்கு, அதன் மேல் கயிறு. கார் வந்து நின்றது. டாக்டர் கனகராயர் அதிலிருந்து இறங்கினார் என்று சொன்னால் பொய். இரண்டு கிளாக்கர்மாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். முதலில் வயிறு வந்தது. பிறகு அவர் வந்தார். படி மூன்றுதான், அதற்குள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினார். மேலே போனதும் அவரை ஒரு சாய்வு நாற்காலியில் இறக்கி வைத்தார்கள். அவர் கைக்குட்டையால் கழுத்து மடிப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"முதுமையில் மனிதனைத் தளர்த்துவது எது? பசி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பிழை. பசியால் எவனும் தளர்ந்ததாக எங்கள் சபையில் பதிவே இல்லை. வயிற்றிலே சேருகிற கொழுப்புத்தான் தளர்த்துகிறது. சீமையிலே ஆராய்ந்து முடித்துவிட்டார்கள். இடுப்புப் பெருத்த கிழவனுக்குக் கையிலே பிடி இராது, காலிலே உறுதி இராது, உட்கார்ந்தால் எழும்ப மாட்டான். அவனை நாங்கள் காப்பாற்ற வந்திருக்கிறோம்."

எல்லாரும் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், இந்த மனுசனுக்கு இப்படி ஒரு சீக்கு இருக்கிறதே, யாரிடமாவது காட்டக் கூடாதா என்று பேச்சியம்மா மெய்யாகவே இரங்கினாள்.

பரிசோதனை ஆரம்பமாயிற்று. சபை காரில் கொண்டுவந்த நாற்காலியை நடுவில் போட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்து எழும்ப வேண்டும். உட்கார்ந்து எழும்புகிறவனுக்குத் தளர்ச்சி இல்லை. ஆண்டியப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் நாற்காலியைப் பார்த்தார். பக்கத்தில் பெரிய தொரை சுருட்டோடு நின்றுகொண்டிருந்தார். தொரை நிற்கையில் தோட்டத்து ஆள் நாற்காலியில் குந்துவதாவது? அந்த வயது வரைக்கும் அவர் நாற்காலியைத் தூக்கிச் சுமந்திருக்கிறார், துடைத்திருக்கிறார், அதில் உட்கார்ந்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். உட்காரச் சொல்லிக் கிளாக்கர் அதட்ட அதட்ட, "இருக்கட்டுங்க சாமி" என்று இன்னும் குனிந்தார். உட்காரவும் சக்தியற்றவர் என்று பதிந்துகொண்டார்கள்.

அடுத்தது கைப்பிடி. டாக்டர் தன் கையை நீட்டி, பலம் கொண்ட மட்டும் பிடி என்றார். அத்தனை வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை அது. நெரித்தால் டாக்டரின் மோதிர விரல் நாலாய்ப் போயிருக்கும். பெரியவர்கள் கையை அப்படிப் பிடிக்கலாமா? ஆண்டியப்பன் அந்தக் கையை இரண்டு விரலால் பூப்போலத் தொட்டு, தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையில் பிடி அறவே இல்லை என்று அதையும் பதிந்துகொண்டார்கள். அவருக்குப் பின்னால் வந்த கிழவன் கிழவிகளும் ஒருவர் விடாமல் அப்படியே செய்தார்கள்.

கடைசியில் இடுப்பு. நாடா பிடிக்கும் வேலை தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் மகாலிங்கத்துக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், கெட்ட மனுசர் இல்லை, யாருக்கும் ஒரு நாளும் எதிர்ச்சொல் சொல்லாதவர். கெடுதலெல்லாம் அப்படிப்பட்டவர்கள் கையால்தான் ஒழுங்காக நடக்கும். கம்பளியை அவிழ்க்கச் சொல்லலாமா என்று அவர் கேட்டார். டாக்டர் மூக்கைச் சுளித்தார். ஈரக் கம்பளி வாடையும் வியர்வையும் அவருக்கு ஆகவில்லை. பேன் வேறு இருக்குமாம். உடுத்தபடியே அளக்கலாம் என்று உத்தரவானது. கம்பளி, சாக்குப் படங்கு, கயிறு எல்லாவற்றையும் சேர்த்து நாடா சுற்றி வந்தது. ஆண்டியப்பன் நாற்பத்திரண்டு அங்குலம்.

டாக்டர் கனகராயருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சீமையில் சொன்னது அச்சொட்டாக இங்கே நிற்கிறது: இடுப்புப் பெருத்தவன், பிடி இல்லாதவன், நாற்காலியில் உட்கார ஏலாதவன். "கொழுத்துத் தளர்ந்தவர்" என்று ஒரு பெயரும் வைத்தார். பக்கத்தில் ஆட்களை வேலை வாங்குகிற சோலைமலைக் கங்காணி தொந்தியைக் கோட்டுக்குள் அடக்கிக்கொண்டு நின்றார். அவரை யாரும் அளக்கவில்லை. அது உத்தியோக வயிறு.

பேச்சியம்மா டிஸ்பென்சரிடம் போய், லேசு வேலை எப்போதிலிருந்து என்று கேட்டாள். தளர்ச்சி உண்டென்று ஒப்புக்கொண்டாயிற்று, ஆனால் அந்தத் தளர்ச்சிக்கு மருந்து ஓய்வு இல்லை என்று மகாலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதலில் கொழுப்புக் கரைய வேண்டுமாம். இடுப்பு முப்பது அங்குலத்துக்கு இறங்கினால் லேசு வேலை நிச்சயமாம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து புருசனின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். விலா எலும்பும், ஒட்டின வயிறும்தான் இருந்தன. படித்தவர்கள் சொல்கிறார்களே, உள்ளே எங்கேயாவது இருக்குமோ என்று தடவிக்கூடப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். கொழுத்துத் தளர்ந்தவர்களுக்குத் தோட்டம் கொடுக்கிற அரிசி பாதியாகக் குறைந்தது. ரொட்டிக்குத் துருவின தேங்காய்ப்பூ போடக் கூடாது. விடிவதற்கு முன்னால் 'கொழுப்புப் பெரட்டு' என்று தனியாகத் தப்பு அடித்துக் கூப்பிடுவார்கள். வயசாளிகளெல்லாம் எழும்பி மேல்மலை வரைக்கும் ஓடிப் போய் இறங்க வேண்டும், பிறகு வழக்கமான பெரட்டுக்கு வந்து வேலைக்குப் போக வேண்டும். ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர் சோலைமலைக் கங்காணி. அவரால் மலையேற முடியாது. கீழே நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டு, ஓடுங்கடா என்று சத்தம் போடுவார்.

அதோடு விட்டார்களா? ஒரு நாள் கங்காணி ஆட்களோடு லயத்துக்கு வந்து, காம்பராவுக்குக் காம்பரா புகுந்து தேங்காயெண்ணெய்ப் போத்தல்களைத் தூக்கினார். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்தான். தலையில் வைத்தால் அது மெல்ல இறங்கி வயிற்றில் சேர்ந்துவிடும் என்று சபையிலிருந்து வந்திருக்கிறதாம். போத்தல்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டியதில்லை. அந்த வாரம் முழுக்கக் கங்காணி வீட்டில் பலகாரம் சுடுகிற வாசம் லயத்தைத் தூக்கியது. பரட்டைத் தலையோடு கிழவிகள் அதை மோந்துகொண்டு பாதி வயிற்றோடு படுத்தார்கள். மனுச ஜென்மங்களா இவர்கள் என்று பேச்சியம்மா காறித் துப்பினாள், கதவைச் சாத்திக்கொண்டுதான்.

சபை மறுபடி வந்தபோது மழை இன்னும் கனத்திருந்தது. ஆண்டியப்பன் மெலிந்து போயிருந்தார். குளிர் தாங்காமல் படங்குக்கு மேல் இன்னொரு சாக்கையும் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். நாடா நாற்பத்தைந்து காட்டியது. டாக்டர் கனகராயர் கோபத்தில் நடுங்கினார். அரிசியைக் குறைத்தும் கொழுப்பு ஏறுகிறதென்றால் இவன் எங்கேயோ திருடித் தின்கிறான் என்றார். இருந்த பாதியிலும் பாதியை வெட்டினார்கள். பிறகு டாக்டரைத் தூக்கி நிறுத்தி, பங்களாவுக்குக் கோழிப் புரியாணி சாப்பிடக் கூட்டிப் போனார்கள்.

அளவு முடிந்து வேலைக்குப் போன ஆண்டியப்பன் அன்றைக்கு மலையிலிருந்து தானாக இறங்கி வரவில்லை. கவ்வாத்து மலையில் விழுந்து கிடந்தவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். அவர் பாலில்லாத சாயத் தண்ணியைக் குடித்துவிட்டு, "ஏம்புள்ள, நெசமாவே எனக்குக் கொழுப்புத்தானோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவள் பொறுமையை அறுத்தது. நேராக டிஸ்பென்சர் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, கம்பளிய அவுத்துப்புட்டு ஒரு வாட்டி அளந்து பாருங்க. உள்ள ஒண்ணுமே இல்லீங்க. எலும்புதாங்க இருக்கு."

மகாலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எனக்குத் தெரியாமலோ இருக்கு, பேச்சி? முதல்முறை கம்பளியோட அளந்தாச்சு. இப்ப கம்பளி இல்லாமல் அளந்தால் முதல் அளவு பிழை எண்டு வரும். முதல் அளவை எடுக்கச் சொன்னது தலைவர். அவர் பிழை விட்டவர் எண்டு நான் எழுதலாமோ?"

"அப்ப மனுசன் செத்துப் போவாருங்களே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். உடுத்தபடி அளக்க வேண்டும் என்பதுதான் சட்டம், ஆள் என்ன உடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்று சுவரிடம் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். தான் ஒன்றும் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். தெரிந்த உண்மையை நேராகச் சொல்லத் துணிச்சல் இல்லாதவர், மழையில் ஒரு கிழவனை உரித்து நிறுத்த வழி சொல்லிக் கொடுத்தார். பேச்சியம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த முறை சபை வந்தபோது ஆண்டியப்பன் இடுப்பில் ஒரு வேட்டித் துண்டோடு வரிசையில் நின்றார். கம்பளி பேச்சியம்மாவின் கக்கத்தில் இருந்தது. அளந்தவுடனே போர்த்திவிடலாம் என்று நினைத்திருந்தாள். டாக்டருக்குப் பங்களாவில் சாப்பாடு முடியவில்லை. முடிந்ததும் கொஞ்சம் கண்ணயர்ந்தாராம். மழை நிற்கவில்லை. ஆண்டியப்பனின் பல் அடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. போர்த்தினால் அந்த நேரம் பார்த்து வந்துவிடுவார்களோ என்று பயந்து, கிட்டக் கிட்டப் போய்ப் போய்த் திரும்பினாள்.

நாடா இருபத்தாறு காட்டியது.

டாக்டர் கனகராயர் இரண்டு தரம் அளக்கச் சொன்னார். பிறகு, உலகத்தில் எந்த வைத்தியனும் இவ்வளவு கொழுப்பைக் கரைத்ததில்லை என்றார். கிளாக்கர்மார் கை தட்டினார்கள். முன்னால் நின்ற ஆள் எலும்பும் தோலுமாக உதறுகிறதை அத்தனை பேரில் ஒருத்தர் பார்த்திருப்பாரா? எல்லாருக்கும் கண் நாடாவில்தான். லேசு வேலை கிடைத்துவிட்டது என்று பெரிய தொரையே வாயால் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குப் பேச்சியம்மாவின் கண் நிரம்பிவிட்டது. அதற்கு முன்னால் ஹட்டனில் சபையின் வருசக் கூட்டம் இருக்கிறது, அங்கே இந்த அதிசயத்தைக் காட்ட வேண்டும், அது முடிந்த மறுநாள் பெரட்டுக்களம் கூட்டப் போகலாம் என்றார்கள். அன்று இரவிலிருந்து ஆண்டியப்பனுக்குக் காய்ச்சல். இருமினால் நெஞ்சுக்குள் கரகரவென்று கேட்டது. மருந்து வாங்கப் போனவளிடம், காய்ச்சல் நல்லதுதான், மிச்சம் மீதியும் உருகிவிடும் என்று சபைக் கிளாக்கர் சொல்லி அனுப்பினார்.

ஹட்டனுக்குத் தோட்டத்து லொறியில் கொண்டுபோனார்கள். மண்டபத்தில் தொரைமார், டாக்டர்மார், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று ஒரே கூட்டம். கேக்கும் வடையும் தட்டுத் தட்டாகப் போயின. மேடையில் டாக்டர் கனகராயரின் பெரிய நாற்காலி. பக்கத்தில் அந்தப் பரிசோதனை நாற்காலி. ஆண்டியப்பனை வேட்டித் துண்டோடு மேடையில் நிறுத்தினார்கள். உடம்பு கொதித்தது, கையும் காலும் சில்லிட்டிருந்தன. பேச்சியம்மா மேடைப் படியோரம் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மகாலிங்கம் நாடாவோடு அந்தப் பக்கம் வந்தபோது, "ஐயா, போத்திவிடவாங்க?" என்று கேட்டாள்.

"பொறு, கூட்டம் முடியட்டும். பிறகு போர்க்கலாம்" என்றார் அவர்.

டாக்டர் பேசினார். உட்கார்ந்தபடியேதான். இந்த மனிதன் சபையிடம் வரும்போது தின்று கொழுத்து நடக்க முடியாமல் கிடந்தான் என்றார். தோட்டத்து மக்களுக்கு உணவு போதாது என்று சிலர் கூச்சல் போடுகிறார்களே, அவர்களுக்கு இந்த இடுப்பே பதில் என்றார். இனி எல்லாத் தோட்டங்களிலும் முதியவர்களின் அரிசியைக் குறைத்து அவர்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கச் சபை தீர்மானித்திருக்கிறது என்று சொன்னபோது கைதட்டல் நிற்கவே இல்லை. பிறகு ஆண்டியப்பன் பக்கம் திரும்பினார்.

"முன்பு இவனால் உட்காரவே முடியாது. இப்போது பாருங்கள். உட்கார்."

பெரிய தொரை முன்வரிசையில்தான் இருந்தார். ஆண்டியப்பன் அவரைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. கையால் துழாவி நாற்காலியைப் பிடித்து, அதில் உட்கார்ந்தார். பேச்சியம்மா கம்பளியைப் படியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவளுக்குத் தெரிந்த ஆண்டியப்பன் தொரைக்கு முன்னால் உட்காருகிற ஆள் இல்லை. மண்டபம் ஆரவாரித்தது.

"இனி எழும்பு" என்றார் டாக்டர்.

அவர் எழும்பவில்லை. கூச்சப்படுகிறான் என்று டாக்டர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. இன்னொரு முறை சொன்னார். மகாலிங்கம் போய்க் கையைத் தொட்டார், மணிக்கட்டைப் பிடித்தார், பிடித்தபடியே நின்றுவிட்டார். அப்புறம் குனிந்து டாக்டரின் காதில் சொன்னார்.

டாக்டர் கனகராயர் இதற்கெல்லாம் கலங்குகிறவர் இல்லை. கொழுப்பு நெடுங்காலம் உள்ளே இருந்து செய்த சேதம் இது, சபை இன்னும் முன்னதாக வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அறிவித்தார். மறைந்தவருக்காக எல்லாரும் ஒரு நிமிசம் எழுந்து நிற்க வேண்டும் என்றார். எல்லாரும் வடைத் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்கள். டாக்டரால் எழ முடியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து உந்தினார். அது அவரோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தது. இரண்டு கிளாக்கர்மார் ஓடி வந்து அக்குளில் கை கொடுத்தார்கள். போதவில்லை. சோலைமலைக் கங்காணி பின்னாலிருந்து தள்ளினார். மௌன அஞ்சலி முழுக்க அந்த முக்கலும் முனகலும்தான் கேட்டது.

பேச்சியம்மா மேடையில் ஏறினாள். யாரையும் கூப்பிடவில்லை. ஒரு கையைக் கழுத்துக்குக் கீழேயும் மற்றதை முழங்காலுக்குக் கீழேயும் கொடுத்து ஆண்டியப்பனைத் தூக்கினாள். அவள் நாள்தோறும் சுமக்கிற ஈரக் கொழுந்துக் கூடை இதைவிடக் கனம்.

பாதி எழுந்து மூன்று பேர் மேல் தொங்கிக்கொண்டிருந்த டாக்டர் கனகராயர் அதைப் பார்த்தார். "நாற்பத்தைந்து அங்குலமாக இருந்தவனை இன்று ஒரு கிழவி தனியாகத் தூக்குகிறாள். இதையும் அறிக்கையில் சேருங்கள்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

பேச்சியம்மா நின்றாள். கை இரண்டும் நிறைந்திருந்தன. அவர் காலில் கிடந்த சப்பாத்துக்கு நேராகக் காறித் துப்பினாள். இந்த முறை கதவு ஒன்றையும் சாத்தவில்லை.

படியில் விட்டு வந்த கம்பளியை எடுத்துக்கொண்டு மகாலிங்கம் பின்னாலேயே ஓடி வந்தார். வாசலில் லொறி நின்றது. தூறிக்கொண்டிருந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூட்டம் முடிஞ்சிருச்சுங்களே ஐயா. இப்ப போத்தலாமுங்களா?"

அவர் கம்பளியை நீட்டினார். அவள் புருசனை லொறியில் கிடத்தி, கால் வரைக்கும் இழுத்துப் போர்த்திவிட்டு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.